வேலிக்கு அப்பால் உள்ள உறுப்பினர்கள்

கூடி வாழ்வதற்காக நிலம் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒன்றாகப் போட்டு, திருவண்ணாமலைப் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ பத்து இருபது ஏக்கர் வாங்கி, பல குடும்பங்கள் ஒரே இடத்தில் வாழ்வது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவை மதிக்கிறேன். உங்களைப் போன்ற குழுக்கள் எழுதிய திட்டங்களில் சில என் கைக்கும் வந்தன. மண் வீட்டை எப்படிக் கட்டுவது, மழைநீரை எங்கே தேக்குவது, எந்த வரப்பில் என்ன மரம் வைப்பது, பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்று ஒவ்வொன்றையும் அக்கறையோடு யோசித்திருக்கிறீர்கள். வருமானம் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் நாலைந்து வரிதான் இருக்கிறது. சிலர் கணினி வேலையை அங்கிருந்தே தொடர்வார்கள். சனி, ஞாயிறில் பயிற்சி முகாம் நடத்தலாம். விளைந்ததை நகரத்து நண்பர்களுக்கு விற்கலாம். பக்கத்து ஊர் மக்கள் ஒரே ஓர் இடத்தில் தலைகாட்டுகிறார்கள்: ‘வேலையாட்கள் உள்ளூரிலேயே கிடைப்பார்கள்.’

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இத்தகைய குடியிருப்புகள் உடைவதற்கு மனக்கசப்பு, சமையலறைச் சண்டை, தலைமைப் போட்டி என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நிலைத்து நின்றவற்றைப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு தொழில் இருந்திருக்கிறது. 1904-ல் காந்தி டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கியபோது வெறும் நிலத்தை வைத்துத் தொடங்கவில்லை. ஏற்கெனவே நகரத்தில் ஓடிக்கொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகத்தை அந்த நூறு ஏக்கர் பண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த பத்திரிகை அது. எழுதுபவருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் மாதம் மூன்று பவுண்டு. என்ன வேலை, என்ன நிறம் என்ற வேறுபாடு கிடையாது. உழைத்துப் பிழைக்க ஆளுக்கொரு துண்டு நிலம். ஆனால் பத்திரிகை நட்டத்தில்தான் ஓடியது. வழக்கறிஞர் தொழிலில் வந்த வருமானத்தைக் காந்தி அதில் கொட்டிக்கொண்டே இருந்தார். உங்களில் சிலர் தொடரப்போகும் கணினி வேலையும் அதே வகைப் பணம்தான். தொடங்குவதற்கு அது பெரும் உதவி. ஆனால் அந்த வேலையை நம்பியே ஒரு குடியிருப்பு இருந்தால், நாலு பேருக்கு வேலை போகும் நாளில் குடியிருப்பே காலியாகிவிடும்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நிற்கும் ஓர் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1967-ல் எட்டுப் பேர் தொடங்கியது ட்வின் ஓக்ஸ். இன்று அங்கே வாழ்பவர்கள் நூறு பேருக்குப் பக்கம். யாருக்கும் தனிச் சம்பளம் கிடையாது. சம்பாதிப்பது பொதுப் பெட்டிக்குப் போகிறது. சாப்பாடு, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் பொதுவிலிருந்து வருகின்றன. ஒவ்வொருவர் கணக்கிலும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று குறித்த அளவு வேலை ஏற வேண்டும். சமைப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, பால் கறப்பது, கழிவறை கழுவுவது, வெளியே விற்கும் சரக்கைச் செய்வது எல்லாம் அந்த அளவுக்குள் அடக்கம். ஒரு மணி நேரம் யார் செய்தாலும், எந்த வேலையாக இருந்தாலும் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பெண்கள் கணக்கில் வராமல் செய்யும் வேலை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் திட்டங்களில் ‘பொதுச் சமையலறை’ இருக்கிறது. அதில் யார் நிற்பார்கள், அந்த நேரம் யார் கணக்கில் எழுதப்படும் என்பது எழுதப்படவில்லை. இதை முதல் மாதமே தீர்க்காவிட்டால் பெண்கள் தீர்த்துவிடுவார்கள். அவர்கள் கிளம்பிப் போவார்கள்.

ட்வின் ஓக்ஸ் பிழைத்தது கயிற்று ஊஞ்சல் பின்னி. மரத்துக்கு மரம் கட்டிப் படுத்துக்கொள்ளும் ஊஞ்சல். யாரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம், பேசிக்கொண்டே பின்னலாம், பெரிய இயந்திரம் தேவையில்லை. கூடி வாழும் இடத்துக்குப் பொருத்தமான தொழில். ஆனால் சரக்கில் மிகப் பெரும் பங்கை ஒரே ஒரு சங்கிலிக் கடை நிறுவனம் வாங்கிக்கொண்டிருந்தது. 2000-களில் அந்த நிறுவனம் வாங்குவதை நிறுத்தியபோது பல ஆண்டுகளின் அடித்தளமே ஆட்டம் கண்டது. அவர்கள் தப்பித்ததற்குக் காரணம், அதற்குள் டோஃபு தயாரிப்பையும், பதிப்பகங்களுக்காகப் புத்தகப் பொருளடைவு தயாரிக்கும் வேலையையும் வளர்த்து வைத்திருந்ததுதான். எவ்வளவு நல்ல வாடிக்கையாளராக இருந்தாலும் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடம் போகக் கூடாது என்று நான் சொல்வேன். ‘நகரத்து நண்பர்கள்’ என்பதும் ஒரே வாடிக்கையாளர்தான். எல்லோரும் ஒரே துறையில் வேலை பார்ப்பவர்கள் அல்லவா.

ட்வின் ஓக்ஸிலிருந்து கிளைத்து 1993-ல் ஏகார்ன் என்ற சிறு குடியிருப்பு உருவானது. 1999 முதல் அது நாட்டு விதை விற்கும் ஒரு தொழிலை நடத்துகிறது. எனக்கு இது ஊஞ்சலைவிட முக்கியமான எடுத்துக்காட்டு. விதை முழுவதையும் அவர்களே விளைவிப்பதில்லை. வேறு பல சிறு பண்ணைக்காரர்களும் அவர்களுக்காக விதை எடுத்துக் கொடுக்கிறார்கள். குடியிருப்பு அதைச் சோதித்து, பொட்டலம் போட்டு, விற்கிறது. அதாவது, அவர்கள் வாழ்ந்தால் வெளியிலும் பல குடும்பங்களுக்கு வருமானம்.

இதற்கு நேரெதிரான பாடம் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்புகள். 1910-ல் தெகானியாவில் தொடங்கி, உலகின் மிகப் பெரிய கூட்டு வாழ்வு முயற்சிகளில் ஒன்றாக வளர்ந்தது. நம் உழவர்கள் தோட்டத்தில் போடும் சொட்டுநீர்க் குழாயைத் தொழிலாக்கி உலகெங்கும் கொண்டுபோன நெட்டாஃபிம், 1965-ல் ஹட்செரிம் என்ற கிப்புட்ஸில் பிறந்தது. தொழிலில் அவர்களுக்கு நிகரில்லை. ஆனால் ஆலைகள் பெருகப் பெருக வெளி ஆட்களைக் கூலிக்கு எடுத்தார்கள். மொராக்கோவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்து, பக்கத்துச் சிறு நகரங்களில் குடியமர்த்தப்பட்ட யூதர்கள் ஆலையில் கூலிகள். வேலிக்குள் இருந்தவர்கள் உடைமையாளர்கள். உள்ளே முழுச் சமத்துவம், வாசலில் முதலாளி-தொழிலாளி. அதற்கும் அப்பால், அந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட பாலஸ்தீனர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 1980-களில் வட்டி ஏறி, கடன் கழுத்தை நெரித்தபோது, சுற்றியிருந்த ஊர்களில் அவர்களுக்காக வருந்தியவர்கள் குறைவு. பிறகு பெரும்பாலான கிப்புட்ஸ்கள் ஆளுக்கேற்ற சம்பளத்துக்கு மாறின. நெட்டாஃபிமிலும் 80 சதவீதப் பங்கு 2017-ல் ஒரு மெக்சிகோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968-ல் வறண்ட செம்மண் மேட்டில் தொடங்கி, அதைக் காடாக்கிய உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஊதுவத்தி, துணி, காகிதம், உணவு என்று அங்கே தொழிற்கூடங்கள் நிறைய உண்டு. குயிலாப்பாளையத்திலிருந்தும் எடையஞ்சாவடியிலிருந்தும் ஆலங்குப்பத்திலிருந்தும் தினமும் சைக்கிளிலும் வண்டியிலும் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். கிராமத்துப் பிள்ளைகள் பலர் ஆரோவில்வாசிகளாகவும் ஆகியிருக்கிறார்கள்; பெண்கள் குழுக்களோடு நல்ல பணிகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலோருக்கு அது ‘வேலைக்குப் போகும் இடம்’. தொழில் என்ன செய்ய வேண்டும், ஆதாயத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அரை நூற்றாண்டு அக்கம்பக்கமாக வாழ்ந்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை என்றால், தொடக்கத்திலேயே கோடு போடாமல் இருப்பதுதான் வழி.

கோடு போடாமல் தொடங்கியவர்களும் நம் பக்கத்திலேயே உண்டு. 1925-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்ற ஊரில் வாக்படானந்தர் என்ற சீர்திருத்தத் துறவியின் வழி நடந்த உழைப்பாளிகளுக்கு, சாதி ஒழுங்கை மீறியதற்காக நிலக்காரர்கள் வேலை தர மறுத்தார்கள். பதினான்கு பேர் சேர்ந்து ஆறணா முதலோடு ஒரு கூலி ஒப்பந்தச் சங்கம் தொடங்கினார்கள். சாலை போட்டார்கள், சிறுபாலங்கள் கட்டினார்கள். நூறு ஆண்டு கடந்த அந்தச் சங்கத்தில் இன்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். கேரளத்தின் பெரிய பாலங்களும் கோழிக்கோட்டின் கணினித் தொழில் பூங்காவும் அவர்கள் கட்டியவை. இயக்குநர் குழுவில் இருப்பவர்கள் தொழிலாளர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒரு நம்பிக்கையால் ஒன்றுசேர்ந்த சிறு கூட்டம், தன் பிழைப்பைத் தானே படைத்துக்கொண்டு, கதவையும் திறந்து வைத்தது. நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இன்னொன்று ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பக்கம், சென்னேகொத்தபள்ளிக்கு அருகே உள்ள திம்பக்டு. நாட்டிலேயே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று. 1990-ல் சில நண்பர்கள் 32 ஏக்கர் பாழ்நிலம் வாங்கி, அதை மீட்டுக்கொண்டு அங்கேயே வாழத் தொடங்கினார்கள். உங்கள் திட்டத்துக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி கிடையாது. ஆனால் அவர்களுடைய பொருளாதாரம் அந்த 32 ஏக்கருக்குள் இல்லை. சுற்றுவட்டார ஊர்ப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் சிக்கனக் கூட்டுறவுகளை உருவாக்கினார்கள். கந்துவட்டிக்காரரின் பிடி தளர்ந்தபின், சிறுதானியமும் நிலக்கடலையும் இயற்கை முறையில் விளைவிக்கும் உழவர்களின் தரணி என்ற கூட்டுறவு வந்தது. அது உறுப்பினரிடம் வாங்குகிறது, தரம் பார்த்துப் பதப்படுத்துகிறது, திம்பக்டு என்ற பெயரில் நகரங்களில் விற்கிறது. முதலில் சேமிப்பு, பிறகு சாகுபடி, அதன் பிறகே சந்தை. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டங்களில் சாட்சிகள் உண்டு: மானியம் வந்த சில ஆண்டு மட்டும் நடந்து, பிறகு பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய உற்பத்தியாளர் நிறுவனங்கள்.

சரி, நீங்கள் எங்கிருந்து தொடங்குவது? திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் என்றால் மல்லாட்டையிலிருந்து, அதாவது நிலக்கடலையிலிருந்து, தொடங்கலாம். ஊரார் அதை மூட்டை போட்டுக் கமிஷன் மண்டிக்கோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ கொண்டுபோகிறார்கள். விதைப்புக்கு மண்டியிலேயே முன்பணம் வாங்கியிருந்தால் விலை பேச வாயிருக்காது. பிறகு அதே வீட்டுப் பெண்கள் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்குகிறார்கள். ஊரில் விளைந்தது ஊரைவிட்டுப் போய், வேறெங்கிருந்தோ வந்த எண்ணெய் ஊருக்குள் நுழைகிறது; இரண்டு வழியிலும் பணம் வெளியே போகிறது. ஒரு செக்கு இந்தப் போக்கை மாற்றும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு ஆகும். மிச்சம் புண்ணாக்கு ஊர் மாடுகளுக்கு, மாட்டிலிருந்து பால் சொசைட்டிக்கு, சாணம் வயலுக்கு. ஜே.சி. குமரப்பா 1930-களில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது, செக்கை மேம்படுத்தும் வேலையில் அந்தச் சங்கம் இறங்கியது இந்தச் சுற்றை மனத்தில் வைத்துத்தான். தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தை தே. கல்லுப்பட்டியில் கழித்த அந்தப் பொருளியலாளரை உங்களில் பலர் போற்றுகிறீர்கள். அவர் பேசியது ஊர் முழுவதற்குமான பொருளாதாரம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

செக்கு வாங்கும் பணம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கிறேன். நீங்களே வாங்கி, நீங்களே நடத்தி, ஊராரை வேலைக்கு வைத்தால் ஊரில் இன்னொரு முதலாளி கூடியிருக்கிறார், அவ்வளவே. ஊராரும் நீங்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அந்தப் பணத்தை அதற்குக் கடனாகக் கொடுங்கள். தவணை வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். பங்கு ஊராருடையதாக இருக்கட்டும். உங்களில் விளைவிப்பவர்கள் அவர்களோடு சமமான உறுப்பினர்களாகச் சேரட்டும். இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2002-ல் நிறுவனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் நிறுவன முறைப்படி பத்து உற்பத்தியாளர்கள் கூடிப் பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆதாயம், யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார்கள் என்ற அளவில் பிரிகிறது. கூட்டுறவுச் சங்கமாகவும் பதியலாம். ஆனால் நம் மாநிலத்தில் தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் கையில் சங்கம் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். சிறிய அளவில் தொடங்க உற்பத்தியாளர் நிறுவனமே மேல் என்பது என் கருத்து. சிலர் இதை ஏற்க மாட்டார்கள். கூட்டுறவு இயக்கத்தை உள்ளிருந்து மீட்க வேண்டும் என்பார்கள். அந்தப் போராட்டம் தேவையானது. புதிதாக ஊருக்குள் வருபவர்கள் அதைத் தொடங்கி வைக்க வேண்டாம்.

இனி, உங்கள் திட்டங்கள் தொடாத விஷயம். ஊர் என்பது ஒன்றல்ல. ஊர் இருக்கிறது, ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் காலனி இருக்கிறது. உங்களை வரவேற்க வருபவர்கள் பெரும்பாலும் ஊரின் பெரிய குடும்பங்கள். நிலம் விற்பவர்களும் அவர்களே. சங்கக் கூட்டத்தை அவர்கள் திண்ணையில் நடத்தினால் காலனியிலிருந்து யாரும் வந்து உட்கார மாட்டார்கள். செக்கை ஊர்த் தெருவுக்குள் வைத்தால் எண்ணெய் ஆட்ட வருகிறவர்கள் வாசலில் நிற்க நேரும். இடம், நேரம், யார் எடை போடுவது, யார் சாவி வைத்திருப்பது எல்லாவற்றிலும் சாதி இருக்கிறது. இரு தெருவுக்கும் பொதுவான இடத்தில், பள்ளிக்கூடத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ பக்கத்தில் வையுங்கள். நிலமில்லாதவர்களுக்கும் பங்கு வேண்டும்: மல்லாட்டை பறிப்பவர்கள், உடைப்பவர்கள், மாடு வளர்க்கும் பெண்கள். மாடு வளர்ப்பவரும் சட்டப்படி உற்பத்தியாளரே. அந்த வழியாகப் பலரைச் சேர்க்கலாம்.

நிலத்தைப் பற்றியும் ஒன்று. வில்லங்கச் சான்று பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். பத்து ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது, அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. பெரும் பகுதி இன்று வேறு கைகளில். நீங்கள் பேரம் பேசும் நிலத்தின் பழைய ‘அ’ பதிவேட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். காலனியில் வயதானவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நிலமாக இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். பறிக்கப்பட்ட நிலத்தில் சமத்துவக் குடியிருப்பு கட்ட முடியாது.

உங்களுக்குள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். விட்டுப் போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சேரும்போதே எழுதுங்கள். போட்ட பணம் திரும்ப வருமா, எத்தனை தவணையில், நிலத்தின் விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றம் யாருக்கு? என்னைக் கேட்டால் போட்ட முதலும் ஒரு சிறு வட்டியும் மட்டுமே திரும்ப வேண்டும். நிலத்தின் விலையேற்றம் பொதுவுக்கு. இப்படி எழுதாத குழுக்களில் ஏக்கர் விலை ஏறும்போது கூடி வாழும் ஆசை குறைகிறது. சிலர் பிரித்து விற்கும் பேச்சை எடுப்பார்கள். தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறோம் என்றுதான் அவர்கள் நம்புவார்கள். எழுத்தில் எதுவும் இல்லாதபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொரு பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் உங்கள் பொதுச் செலவை எடுத்து, அதில் எவ்வளவு நீங்கள் வாழும் ஒன்றியத்துக்குள்ளேயே செலவானது என்று பாருங்கள். அரிசி, காய்கறி, பால், கொத்தனார் கூலி, வண்டி வாடகை, தையல், பழுது பார்ப்பு. அந்தத் தொகை மாதாமாதம் கூட வேண்டும். நகரத்திலிருந்து இயற்கை விளைபொருளை வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்து வயல்காரரை ‘ரசாயனம் போடுகிறார்’ என்று ஒதுக்கி வைக்கும் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர் ஏன் போடுகிறார், போடாமல் விளைவித்தால் யார் என்ன விலை கொடுப்பார்கள் என்று அவரோடு உட்கார்ந்து பேசி, ஒரு கால் ஏக்கருக்காவது விலையை முன்கூட்டியே உறுதி செய்து கொடுங்கள். ஒரு பருவம் தவறினாலும் சொன்ன விலையைக் கொடுங்கள். அந்த ஒரு பருவத்தின் நம்பிக்கையை வைத்து அடுத்த பருவத்தில் நாலு பேர் வருவார்கள்.

இதெல்லாம் மெதுவாக நடக்கும். மண் வீடு ஓர் ஆண்டில் எழும்பிவிடும். ஊராரும் நீங்களும் சேர்ந்து நடத்தும் ஒரு செக்கு சொந்தக் காலில் நிற்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். ஆகவே வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதல் ஆண்டு வாடகைக்கு ஊரிலேயே வீடு பிடித்து இருங்கள். சந்தைக்குப் போங்கள், பால் சொசைட்டியில் வரிசையில் நில்லுங்கள், அரசின் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் ஏரிக்கரையில் பெண்களோடு பேசுங்கள், மகளிர் குழுக் கூட்டத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள். எதை விற்கிறார்கள், யாரிடம், என்ன விலைக்கு, எதற்காகக் கடன் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சங்கம் பதிவான பிறகு வீடு கட்டத் தொடங்கலாம். அதற்குள் உங்களுக்கு நல்ல கொத்தனாரையும் அவர்களே காட்டியிருப்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் திட்டத்தைத் திருத்தும்போது, ‘வேலையாட்கள் உள்ளூரிலேயே கிடைப்பார்கள்’ என்ற வரியை நீக்கிவிட்டு, அந்த ஊரிலிருந்து முதல் பத்து உறுப்பினர்களாக யார் யாரைக் கேட்கப் போகிறீர்கள், அவர்களில் காலனியிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கூட்டுறவை நம்பும் உங்கள் நண்பன்